பின்சக்கரத்தின் கோட்டம்

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளில் வழங்கும் சொற்களைச் செவிகொடுத்துக் கேட்டால் ஒரு செய்தி புலப்படும். ஹப், ரிம், நிப்பிள், கோன், ப்ரீவீல் என உறுப்புகளின் பெயர்கள் யாவும் இங்கிலாந்திலிருந்து அந்த உறுப்புகளோடு கப்பலேறி வந்தவை. ஆனால் அவற்றுக்கு நேரும் குறைக்கும், அக்குறையைத் தீர்க்கும் செயலுக்கும் நம்மவர் தம் சொல்லையே வைத்துக்கொண்டனர். சக்கரம் நேராகச் சுழலாவிட்டால் அது கோட்டம். அதைச் சரிசெய்வது கோட்டம் எடுப்பது. கோடுதல் என்றால் வளைதல், நேர் தவறுதல். மன்னனின் செங்கோலைப் பற்றியும் நடுநிலை தவறாத சான்றோரைப் பற்றியும் பேசுமிடத்து நம் பழைய நூல்கள் ஆண்ட சொல் அது. எண்ணெய்க் கறை படிந்த கைகளில் அது இன்னும் புழங்குவது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

கைமாறி வந்த பழைய சைக்கிள்களில் இந்தக் கோட்டம் பெரும்பாலும் பின்சக்கரத்திலேயே காணப்படும். முன்சக்கரம் எத்தனை ஆண்டு ஓடியும் தன் கவையின் நடுவில் ஒழுங்காக நிற்கிறது. பின்சக்கரமோ ஒரு பக்கமாகச் சாய்கிறது. டயர் குழாயில் உரசுகிறது. பிரேக் கட்டை ஒரு புறத்தில் மட்டும் தேய்கிறது. விற்பவர் இதைக் கூறமாட்டார். வாங்கியவர் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றால், நல்லவர் கையில் அகப்பட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். அல்லாதவர் கையில் அகப்பட்டால், பிரேமே வளைந்துபோயிற்று என்ற தீர்ப்புக் கிடைக்கும். சில நாள் கூலியைச் சேர்த்து அந்த வண்டியை வாங்கிய ஒரு கட்டடத் தொழிலாளிக்கோ, செய்தித்தாள் போடும் பையனுக்கோ அந்தத் தீர்ப்பு சிறிய இழப்பன்று. ஆகவே பின்சக்கரம் ஏன் கோணுகிறது என்பதைச் சற்று ஆழ்ந்து காண்பது வீண் வேலையாகாது. அதற்கான விடை அந்தப் பழைய வண்டியின் முதுமையில் இல்லை; 19-ஆம் நூற்றாண்டின் வரலாற்றில் இருக்கிறது.

முதல் ஈருருளியில் இத்தொல்லை இல்லை. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1817 ஜூன் 12 அன்று கார்ல் ட்ரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய மர வண்டிக்கு மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. இருக்கையில் அமர்ந்து தரையைக் காலால் உதைத்துச் செல்வதே அதன் ஓட்டம். அதன் பின்சக்கரத்துக்கு இருந்த கடமை ஒன்றே: முன்னே செல்வதைத் தொடர்ந்து செல்வது. 1860-களில் பாரிஸ் நகரத்துப் பட்டறைகளில் மிதி சேர்ந்தது. ஆயினும் அது முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டது. திரும்புவதும் ஓட்டுவதும் முன்சக்கரத்தின் பாடு. பின்சக்கரம் அப்போதும் வெறும் துணைதான்.

அந்நாளைய சக்கரங்கள் மாட்டு வண்டிச் சக்கரங்களின் உறவினர். மரத்தாலான ஆரக்கால்கள் குடத்திலிருந்து வட்டையைத் தாங்கி நிற்கும். பாரம் கீழே இறங்கும்போது கீழேயுள்ள ஆரக்கால் தூணாக நின்று சுமக்கும். இதை மாற்றிய எண்ணம் எளியதாயினும் வியப்புக்குரியது. தூணுக்குப் பதிலாகக் கயிறு போன்ற மெல்லிய கம்பி. கம்பியால் தாங்க இயலாது. இழுக்க மட்டுமே இயலும். எல்லாக் கம்பிகளையும் முன்னதாகவே இறுக்கி இழுத்து வைத்துவிட்டால் சக்கரம் கல்லைப் போல் உறுதியாக நிற்கும். ஆங்கிலேயரான ஜார்ஜ் கேலி 1808-லேயே பறக்கும் பொறி ஒன்றுக்காக இவ்வாறு எண்ணிப் பார்த்திருந்தார். சைக்கிளுக்கு அதைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பாரிஸில் தொழில் செய்த யூஜீன் மேயர். 1869-ல் அவர் காப்புரிமை பெற்ற சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இறுக்கலாம்.

தனித்தனியே என்ற இச்சொல்லின் அருமையை உணர, அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் நிகழ்ந்ததையும் பார்க்க வேண்டும். கவென்ட்ரியில் தையல் இயந்திரம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலை 1860-களின் இறுதியில் பிரெஞ்சு வண்டிகளுக்கான பணியை ஏற்றது. 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபின் பாரிஸின் சைக்கிள் தொழில் தளர்ந்தது, கவென்ட்ரி தலையெடுத்தது. அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்டார்லி 1870-ல் 'ஏரியல்' என்ற வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் சக்கரத்தில் ஒரு நெம்புகோலை முறுக்கினால் எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் இறுகும். கேட்பதற்கு எவ்வளவு வசதி! ஆனால் வட்டையின் ஓரிடத்தில் மட்டும் கோட்டம் விழுந்தால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து இறுக்குவதால் என்ன பயன்? கோணிய இடம் கோணியபடியே இறுகும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு திருகு என்ற முறையே பின்னாளில் நிலைத்தது. இன்று நம் தெருமுனையில் ஒருவர் சிறு சாவியைக் கொண்டு ஒரே ஒரு நிப்பிளைக் கால் திருப்பு திருப்பிச் சக்கரத்தை நேராக்குகிறார் என்றால், அந்த வாய்ப்பு வந்த வழி இதுதான்.

ஸ்டார்லி மீது குறை சொல்லி விட்டுவிட நமக்கு மனமில்லை. 1874-ல் அவரே இன்னொரு பெரிய செயலைச் செய்தார். கம்பிகளைக் குடத்திலிருந்து நேரே வெளியே செலுத்தாமல், குடத்தின் விளிம்பைத் தொட்டவாறு சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி கோத்தார். குடத்தை முறுக்கினால் பாதிக் கம்பிகள் முன்னோக்கி இழுக்கும். மறுபாதி பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும். குடத்தின் வழியாக விசையைப் பெறும் சக்கரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோப்பு இல்லை. நம் சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் வலைபோல் குறுக்கிட்டுக் கிடப்பது அழகுக்காக அன்று.

அதன் பின்னர் வந்தது உயரச் சக்கர வண்டியின் காலம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். ஆகவே விரைவு வேண்டுமாயின் சக்கரம் பெரிதாக வேண்டும். ஐந்தடி உயரம் வரை அது வளர்ந்தது. கல் தட்டினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். கால் நீளமும் துணிச்சலும் உடைய இளைஞருக்கு மட்டுமே உரிய வண்டி அது. பெண்களுக்கும் முதியோருக்கும் எளியோருக்கும் அதில் இடமில்லை.

இதற்கு மாற்றைச் சங்கிலி தந்தது. ஹென்றி லாசன் என்பவர் 1879-ல் பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் வண்டியைக் காட்டினார். அது விற்பனையில் வெற்றி பெறவில்லை. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருளைகள் கோத்த உறுதியான சங்கிலியைச் செய்தார். 1885-ல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். நாம் இன்று சைக்கிள் என்று அழைப்பதன் முன்னோர் அதுவே. (போலந்து நாட்டு மொழியில் சைக்கிளுக்கே 'ரோவர்' என்று பெயர்.) 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும் அதன் வெற்றி முழுமையடைந்தது.

சங்கிலியின் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். மிதியோடு சேர்ந்த பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்னே ப்ரீவீலில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். மிதி ஒரு முறை சுற்றப் பின்சக்கரம் இரண்டே முக்கால் முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். 28 அங்குலச் சக்கரம் 74 அங்குலத்துக்கும் மேற்பட்ட சக்கரத்தின் வேலையைச் செய்கிறது. ஆறடிக்கு மேல் உயரமான சக்கரத்தில் எந்த மனிதனும் கால் போட்டு அமர இயலாது. சங்கிலியோ அதைச் சேலை கட்டிய பெண்ணுக்கும் பள்ளிச் சிறுவனுக்கும் இயல்வதாக்கியது.

இந்தப் பேற்றுக்குக் கொடுத்த விலையே நம் பின்சக்கரத்தின் கோட்டம்.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். இரும்பு நீளவில்லை, கண்ணிகளைக் கோக்கும் ஆணிகளும் அவற்றைச் சுற்றிய குழல்களும் தேய்கின்றன. கண்ணி ஒன்றுக்கு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்கு தேய்ந்தாலே, 110 கண்ணிகள் உள்ள சங்கிலியில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தொய்வு சேர்ந்துவிடும். தொய்ந்த சங்கிலி பல்லைவிட்டுக் கழலும். எனவே பின் அச்சைச் சற்றே பின்னுக்கு நகர்த்திச் சங்கிலியை மீண்டும் இறுக்க வழி வேண்டும். இதற்காகச் சட்டத்தின் பின்நுனித் தகடுகளில் நீளவாக்கில் ஒரு பிளவு வைத்தனர். அச்சு அந்தப் பிளவுக்குள் முன்னும் பின்னும் நகரும். வேண்டிய இடத்தில் இரு புறமும் நட்டுகளை இறுக்கி நிறுத்திவிடலாம். முன்சக்கரத்தில் இதற்குத் தேவை எழவில்லை. அதன் அச்சு கவையின் பிளவில் மேலே முட்டி நிற்கிறது, ஓட்டுபவரின் எடையே அதை அங்கே அமர்த்தி வைக்கிறது. பின்னச்சை அமர்த்தி வைக்க அப்படி ஓர் எல்லையில்லை. எங்கே நிறுத்துகிறோமோ அங்கே நிற்கும். நகர வேண்டிய நாளில் நகரும்படி செய்யப்பட்ட பொருள், நகரக்கூடாத நாளிலும் நகர்ந்துவிடுகிறது.

எவ்வளவு விசை அதை இழுக்கிறது என்பதையும் பார்க்கலாம். மேட்டில் ஏறும்போது ஒருவர் எழுந்து நின்று 50 கிலோ எடையை ஒரு மிதியின் மேல் ஊன்றுகிறார். மிதிக்கட்டையின் நீளம் 17 சென்டிமீட்டர். 48 பல் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 9.7 சென்டிமீட்டர். சங்கிலியில் விழும் இழுப்பு 87 கிலோவுக்குச் சமம். சங்கிலி வலப்புறம் ஓடுவதால் அந்த இழுப்பின் பெரும்பங்கு வலப்புற நட்டின் மேல் விழுகிறது. அந்த நட்டு சிறிதே தளர்ந்திருந்தால், அச்சின் வலது முனை பிளவுக்குள் முன்னோக்கி வழுக்கும். இடது முனை நின்ற இடத்திலேயே நிற்கும். அச்சு குறுக்காகச் சாய்கிறது. அதனோடு சக்கரமும் திரும்பி, மிதிக்குப் பின்னேயுள்ள இடப்புறக் கீழ்க்குழாயில் டயரின் முன்பக்கம் உரசத் தொடங்குகிறது. பழைய சைக்கிள் ஒன்றைக் கண்டவுடன் இடப்புறக் குழாயின் உட்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். வண்ணம் தேய்ந்து பளபளப்பான ஒரு கோடு இருந்தால், அதன் முந்தைய உரிமையாளர் பல காலம் சாய்ந்த சக்கரத்தோடு மிதித்துக் களைத்திருக்கிறார் என்று பொருள்.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற பந்தய வீரர்களும் இத்தொல்லையோடு வாழ்ந்தவர்களே. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பொறிகளுக்கு 1937 வரை இசைவு இல்லை. பின்சக்கரத்தின் இரு புறமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரங்கள் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் வீரர் இறங்கி, காதுடைய நட்டுகளைக் கையால் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, நடுவில் நிறுத்தி, இறுக்கி, மீண்டும் ஏறுவார். மழையிலும் பனியிலும் விரல் விறைத்த நிலையில் சக்கரத்தை நேராக நிறுத்துவது அவர்களின் அன்றாடத் திறன். இத்தாலியரான துல்லியோ கம்பஞோலோ 1927 நவம்பரில் ஒரு மலைக்கணவாயில் பனியில் உறைந்த நட்டுகளைக் கழற்ற முடியாமல் தோற்றார் என்றும், அந்த வேதனையிலிருந்தே ஒரே நெம்புகோலால் சக்கரத்தை விடுவிக்கும் கருவி பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. ஆய்வாளர் சிலர் அக்கதையை ஐயுறுகின்றனர். கருவி மட்டும் மெய்.

அவர் பின்னர் செய்த மற்றொரு பொறி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 'காம்பியோ கோர்சா' என்ற அதன் நெம்புகோல்கள் பின்சக்கரத்தின் அருகிலேயே இருக்கும். வீரர் ஓடும் வண்டியிலிருந்தே கையைப் பின்னே நீட்டி அச்சைத் தளர்த்துவார், மிதியைப் பின்னோக்கிச் சுற்றிச் சங்கிலியைப் பல் மாற்றுவார், சங்கிலியின் நீளத்துக்கு ஏற்ப அச்சு பிளவுக்குள் தானே நகர்ந்துகொள்ளும், மீண்டும் இறுக்குவார். ஓடும்போது அச்சைத் தளர்த்தினால் சக்கரம் கோணாதா? கோணாமல் இருக்கப் பிளவின் விளிம்பில் பற்கள் வெட்டப்பட்டிருந்தன. அச்சின் இரு முனைகளிலும் அவற்றுக்கு இணையான பற்கள். ஒரு முனை ஒரு பல் நகர்ந்தால் மறுமுனையும் ஒரு பல்தான் நகர இயலும். இந்தப் பொறியோடு 1948-ல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர் ஜீனோ பர்த்தாலி. அதே பந்தயத்தை 1938-லும் வென்றவர். இடையே பத்தாண்டுகளைப் போர் விழுங்கியிருந்தது. பக்தியால் பெயர் பெற்ற அந்தக் கத்தோலிக்கரை நம் வாசகர் பலர் வேறு காரணங்களுக்காக அறிந்திருப்பர். கையைப் பின்னே நீட்டி ஓடும் சக்கரத்தின் பிடியைத் தளர்த்துவதற்கு எத்தகைய மன உறுதி வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கு வியப்பே மிஞ்சுகிறது.

பிற்காலத்துப் பந்தய வண்டிகளில் பிளவு நீளவாக்கில் இல்லாமல் மேல்நோக்கி அமைந்தது. சங்கிலித் தொய்வைத் தனிப்பொறி ஏற்றுக்கொள்வதால் அச்சு நகரத் தேவையில்லை. சக்கரம் தானே சரியான இடத்தில் போய் அமரும். வசதிதான். ஆனால் சட்டம் செய்தவர் பிழை செய்திருந்தால் ஓட்டுபவர் திருத்துவதற்கு அங்கே இடமும் இல்லை.

நம் நாட்டுக்கு வந்தது பழைய பிளவுள்ள வண்டியே. பி.எஸ்.ஏ., ராலே, ஹெர்குலிஸ் என்று ஆங்கிலேயர் காலத்தில் இறக்குமதியான அந்தக் கறுப்பு வண்டிகளின் வடிவம், விடுதலைக்குப் பின் இங்கேயே செய்யப்பட்டபோதும் பெரிதும் மாறவில்லை. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-ல் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் கூட்டோடு தோன்றியது. சோனிப்பட்டில் 1951-லும் லூதியானாவில் 1956-லும் பெரிய ஆலைகள் எழுந்தன. முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்ற ஆங்கிலேயக் கணக்கும் அப்படியே தொடர்ந்தது. பின்னே எட்டுக் கம்பி கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு: ஓட்டுபவரின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் மேல் விழுகிறது, கேரியரில் ஏற்றும் பாரமோ ஏறத்தாழ முழுவதும் அதன் மேலேதான்.

நம்மவர் ஏற்றிய பாரத்தை அந்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். பால் கேன்கள், வாழைத்தார்கள், நெல் மூட்டை, கடற்கரையிலிருந்து உள்ளூர்களுக்குப் பனிக்கட்டியோடு விரையும் மீன் கூடை, முன்னும் பின்னுமாகப் பிள்ளைகள் இருவர். கிளைக் கிராமங்களுக்குச் செல்லும் உபதேசியாரும் சைக்கிளையே நம்பியிருந்தார். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, பெண்களுக்கான வண்டி கிடைக்காதவர்கள் ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். தண்ணீர்க் குடமும் அவர்களோடு ஏறியது. இத்தனையும் சுமந்தது அந்த 40 கம்பிகள். பாரம் மிகுந்தால் முதலில் அறுவது பெரும்பாலும் வலப்புறம், ப்ரீவீலுக்கு அடியில் உள்ள கம்பி. அதை மாற்ற ப்ரீவீலையே கழற்ற வேண்டியிருப்பதால், பலர் ஒரு கம்பிதானே என்று விட்டுவிடுவர். ஒன்று அறுந்தால் அண்டை அயல் கம்பிகள் அதன் பங்கையும் சுமக்கும். வட்டை மறுபுறம் சாயும். அடுத்த கம்பி அறும். கைமாறி வரும் வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் இதுவே.

ஆகவே, பழைய வண்டி ஒன்றின் பின்சக்கரம் நடுவில் நிற்கவில்லை என்றால் குறை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம். அச்சு பிளவுக்குள் சாய்ந்திருக்கலாம், வட்டை குடத்துக்கு நேராக இல்லாமல் கோணியிருக்கலாம், சட்டமே வளைந்திருக்கலாம். முதலாவது மிகுதி. மூன்றாவது அரிது. பிரேம் போயிற்று என்று எடுத்த எடுப்பிலேயே கூறுபவரை நம்ப வேண்டாம் என்போம்.

முதலில் வட்டையைக் கையால் பற்றி இருபுறமும் அசைத்துப் பார்க்க வேண்டும். கடகடவென ஆடினால் கோன் தளர்ந்திருக்கிறது, அல்லது பால்ரஸ் குண்டுகள் தேய்ந்திருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் மேலே எது செய்தும் பயனில்லை. ஆட்டம் இல்லையென்றால் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றுவது. குழாயில் விரலை ஊன்றி, விரல்நுனியை வட்டையின் அருகே வைத்துக் காண வேண்டும். சுழலும்போது வட்டை விரலை நெருங்கியும் விலகியும் அலைந்தால் அது கம்பியின் கோட்டம். அலையாமல், ஆனால் ஒரு பக்கமாகவே ஓடினால் அச்சின் சாய்வையே முதலில் ஐயுற வேண்டும்.

அச்சின் சாய்வை நீக்க ஒரு ஸ்பேனர் போதும். இரு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்துச் சங்கிலியின் தொய்வை அமைக்க வேண்டும். சங்கிலியின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மிதிக்கக் கனக்கும், குண்டுகளும் தேயும். பல்சக்கரம் எதுவும் முழுமையான வட்டமன்று என்பதால் மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தில் இந்த அளவைப் பார்ப்பது நல்லது. பிறகு வலப்புற நட்டை இறுக்கிவிட வேண்டும். அதன்பின் இடப்புறம் மட்டும் விடுபட்டு நிற்கும். டயரைக் கையால் அசைத்து மிதிக்கூட்டின் பின்னே இரு கீழ்க்குழாய்களுக்கும் நடுவில் சம இடைவெளியில் நிறுத்தி, இடப்புற நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. வலப்புறம் முதலில் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. சங்கிலியின் அளவை அது காக்கிறது. திசையை இடப்புறம் திருத்துகிறது. இடப்புறத்தை முதலில் இறுக்குபவர் சக்கரத்தை நேராக்கும்போது சங்கிலியைத் தொய்யவிடுவார், மீண்டும் தொடங்குவார்.

இவ்வளவுக்குப் பின்னும் சக்கரம் ஒரு பக்கமாக நின்றால், அதைக் கழற்றி வலம் இடமாகத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது ஒரு பழைய வழக்கம். சங்கிலி மாட்ட வேண்டாம், சோதனைக்காக மட்டும். சாய்வும் மறுபக்கம் மாறினால் குறை சக்கரத்தினுடையது. திருப்பிப் போட்டும் அதே பக்கம் சாய்ந்தால் குறை சட்டத்தினுடையது. வழக்கறிஞர் வேண்டாத, வாய்தா இல்லாத நீதிமன்றம் இது.

சக்கரத்தின் குறை என்று தெரிந்தால் டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு, துருப்பிடித்த நிப்பிள்களுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு வைப்பது நல்லது. கடற்கரை ஊர்களில் இது கட்டாயம். வட்டை இடப்புறம் கோணிய இடத்தில் வலப்புறக் கம்பிகளைக் கால் திருப்பு இறுக்கி, இடப்புறக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். கால் திருப்புக்கு மேல் ஒரே முறையில் செல்பவர் ஒரு கோட்டத்தை எடுத்து இரண்டைப் படைப்பார். வட்டை முழுவதும் ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் எதிர்ப்புறக் கம்பிகள் அனைத்தையும் சம அளவில் இறுக்க வேண்டும். பின்சக்கரத்தின் வட்டை குடத்தின் நடுவில் நிற்பதன்று, அச்சின் நடுவில் நிற்பது. ப்ரீவீலுக்கு இடம்விட வேண்டியிருப்பதால் வலப்புறக் கம்பிகள் சற்றுச் செங்குத்தாகவும் கூடுதல் இறுக்கமாகவும் இருப்பது முறையே.

சட்டத்தின் மேல் ஐயம் விழுந்தால் நீண்ட நூல் ஒன்றே சான்று கூறும். பின்நுனித் தகடு ஒன்றில் நூலைக் கட்டி, முன்னே தலைக்குழாயைச் சுற்றி, மறுபுறத் தகட்டில் கொண்டுவந்து இழுத்துக் கட்ட வேண்டும். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தால் போதும். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு பொருட்டன்று. அதற்கு மிக மேற்பட்டிருந்தாலும் நம் வண்டிகளின் சட்டம் எஃகுக் குழாயாலானது. பழகிய கை நிதானமாக நெம்பினால் திரும்பி வரும். இலேசான அலுமினியச் சட்டங்களில் அவ்வாறு செய்வது ஆபத்து. வளைத்த இடத்தில் அவை பின்னர் வெடிக்கக்கூடும்.

சக்கரம் நடுவுக்கு வந்தபின் செய்ய வேண்டியவை இரண்டு. நம் நாட்டுக் கறுப்பு வண்டிகளின் கம்பி பிரேக்கில் கட்டைகள் வட்டையின் உட்புறத்தைப் பிடிப்பவை; சக்கரம் இடம் மாறினால் அவற்றையும் மாற்றி அமைக்க வேண்டும், இல்லையேல் நேரான சக்கரத்தைக் கோணலான கட்டை தடுக்கும். அடுத்தது, பிளவின் பின்னே அச்சைப் பிடித்து நிற்கும் சிறு திருகுகள், செயின் அட்ஜஸ்டர் எனப்படுபவை. வலப்புற நட்டு தளர்ந்தாலும் அச்சு முன்னே வழுக்காதபடி தடுப்பவை அவையே. கைமாறிய வண்டிகள் பலவற்றில் ஏதோ ஒரு முறை டயர் மாற்றியவர் கழற்றி வைத்துத் திரும்ப மாட்டாததால் அவை இல்லாமலே போயிருக்கும். பழைய சைக்கிள் வாங்கச் செல்பவர் மணியையும் பெயின்டையும் பார்ப்பதற்கு முன் குனிந்து அந்தத் திருகுகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும்.